பாளை தட்டுகிற சத்தம்

மலைக் கணவாயை ஒட்டின எங்கள் சித்தூரில் ஓடுகிற ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். கவலையை அழிக்கிறவள் என்று அர்த்தமாம். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவன் வீட்டில் மரமேறுகிற ஆள் ஒருவரும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். கல்யாணமாகி வந்த புதிதில், மாமியார் சொன்னார் என்று, விடிந்ததும் விடியாததுமாக அந்த ஆற்றில் போய்க் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறேன். குளிரில் பல் கிட்டித்துப் போனதுதான் மிச்சம். நெஞ்சுப் படபடப்பு என்னோடேயே ஈரப்புடவையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நான் பிறந்தது கிழக்கே, நிலக்கடலை போடுகிற மேட்டாங்காட்டுக் குடும்பத்தில். எங்கள் அப்பா தரையை விட்டுக் கால் எடுக்க மாட்டார். மாட்டு வண்டியில் ஏறினால்கூட, இறங்குகிற வரைக்கும் பக்கத்துக் கம்பை இறுகப் பிடித்தபடிதான் வருவார். அப்படிப்பட்டவர் தன் பெண்ணைத் தென்னையில் கள்ளிறக்குகிறவருக்குக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை நல்ல குணம், கை சுத்தம், வாய் அதிராத மனிதர் என்று கேள்விப்பட்டுக் கொடுத்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நல்ல குணம் தினமும் காலையும் மாலையும் தென்னை உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதை யாரும் யோசிக்கவில்லை.

வந்த மறுநாளே வரப்பில் நின்று தோப்பைப் பார்த்தேன். அண்ணாந்தவள்தான், அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர், மரமேறும்போது காலில் மாட்டுகிற தளையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற நேரமெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும், கையில் எடுத்த வேலை ஓடாது. உப்புப் போட்ட குழம்பிலேயே மறுபடியும் உப்புப் போடுவேன். திரும்பி வந்து பானையை இறக்கி வைத்தால்தான் போன உயிர் திரும்பும். திரும்பினவுடனே, இத்தனை நேரம் என்னைப் பாடாய்ப் படுத்திய மனிதர்மேல் கோபம் வரும். காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். பாவம், அவர் விழிப்பார்.

என் மாமியாருக்கு வைத்தியம் சொல்வதென்றால் அவ்வளவு பிரியம். சீரகமும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் கொடுத்தார். உச்சியில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்து, அரப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னார். பனி காயுமுன் வெறுங்காலோடு வரப்பில் நடக்கச் சொன்னார். எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய்க்கு மண்டை குளிர்ந்தது, சீரகத் தண்ணீருக்கு வயிறு லேசானது, வரப்பில் நடந்த அன்றைக்கு நன்றாகப் பசித்தது. ஆனால் என் வீட்டுக்காரர் தளையை எடுத்தால் போதும், குடித்த கஷாயமெல்லாம் ஒரு நொடியில் வியர்வையாகப் போய்விடும்.

என்னைக் காப்பாற்றியது கடைசியில் ஒரு சத்தம்தான்.

தென்னம்பாளையில் சும்மா கள் வடிந்துவிடாது. விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, நுனியைச் சீவி, எருமை எலும்பால் நாள் தவறாமல் மேலிருந்து கீழாக மெல்லத் தட்டிக்கொண்டே வரவேண்டும். உள்ளே இருக்கிற பூ நசுங்கவும் கூடாது, தூங்கவும் கூடாது. அப்படித் தட்டித் தட்டித்தான் அது சுரக்கும். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு தட்டு உண்டு. இவர் ரெண்டு தட்டிக் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு சரசரவென்று ஒரு வரிசை தட்டுவார், மறுபடியும் நிறுத்துவார். தோப்பு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, ரெண்டு வயல் தாண்டி. மார்கழி, தை மாதங்களில் கிழக்கே வாளையார்ப் பக்கத்திலிருந்து காற்று மேற்கு நோக்கி அடிக்கும்போது, அந்தச் சத்தத்தை எங்கள் அடுப்படிக்கே கொண்டுவந்து கொட்டும்.

ஒருநாள் காலை கம்பு குத்திக்கொண்டிருந்தேன். காதில் அந்தத் தட்டு விழுந்தது. என்னையறியாமல் உலக்கை அதோடு சேர்ந்துகொண்டது. ரெண்டு குத்து, ஒரு நிறுத்தம். அவர் நிறுத்துகிறபோது நான் மூச்சை விட்டேன். கம்பு குத்தி முடித்தபோதுதான் கவனித்தேன், உள்ளங்கை வேர்க்கவேயில்லை. அட, இத்தனை நாள் இது தெரியாமல் ஆற்றில் போய் விறைத்துக்கொண்டு கிடந்தேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அது பழக்கமாகிவிட்டது. சத்தம் நின்றால் இறங்குகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டால் அடுத்த மரம் ஏறிவிட்டார். நடுவில் இருக்கிற இடைவெளிக்கு மட்டும் மூச்சை இழுத்து மெல்ல விடுவேன். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வைக்கோல் புகை, மாட்டுக்கு வைத்த புளித்தண்ணீர் வாசனை, முகத்தில் அடிக்கிற குளிர்ந்த காற்று, அதற்குள்ளே அந்தத் தட்டு. என் வயசுக்கு எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். அதைக் கேட்டதுபோல ஒன்றையும் காது குளிரக் கேட்டதில்லை.

ஒருநாள் சோறு போடும்போது வாய் நிற்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, உங்க தட்டு கேக்கற வரைக்குந்தானுங்க எனக்கு மூச்சு ஓடுது."

"அட கிறுக்கே! பாளையத் தட்டறது கள்ளுக்குப் புள்ள, உனக்கா?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கை களி அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனி மாதம் காற்று திரும்பிவிட்டது. இப்போது மேற்கேயிருந்து அடித்தது. கணவாய்க் காற்று என்றால் சும்மாவா! கூரை ஓலை பறக்கும், கொடியில் போட்ட துணி அடுத்த வயலில் கிடக்கும். தென்னையெல்லாம் தலையை விரித்துப் போட்டு ஆடும். சத்தம் என்னிடம் வராமல் அப்படியே கிழக்கே போய்விட்டது. வாசலில் நின்று காதைத் தீட்டினேன், வரப்பில் போய் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. பழைய படபடப்பு ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

பொழுதோடு வந்தவர் பானையை இறக்கிவிட்டு, முதல் வேலையாக, "இன்னைக்குக் கேட்டுதா புள்ள?" என்றார்.

"இல்லீங்க. காத்து அள்ளிட்டுப் போயிருச்சு."

மறுநாள் காலை கேட்டது! காற்றையும் மீறி, அடுப்படிக்கே வந்தது. டொக் டொக்கென்று கனமான தட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். காற்று தணிந்திருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூரை ஓலை பறந்துகொண்டிருக்கிறது, காற்று தணிந்ததாம்! என் புத்தியைப் பாருங்கள். வேண்டியது கிடைத்துவிட்டால் மனுஷர்களுக்கு மூளை வேலை செய்யாது போலிருக்கிறது. அந்த மாதம் பூராவும் நான் பாட்டுப் பாடாத குறையாக வேலை செய்தேன்.

ஆனி முடிகிற சமயம், கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் ஒற்றை மாட்டு வண்டியில் வீட்டுக்கே வந்துவிட்டார். இவருக்கு மரம் ஒதுக்கிக் கொடுக்கிறவர் அவர்தான். கையில் ஒரு பாளை. அதை வாசலில் போட்டார். நாரைப் பிரித்ததும் பார்த்தேன். உள்ளே பூவெல்லாம் நசுங்கிக் கறுத்து, சாறு புளித்து நாறியது.

"ஏப்பா, பாளையத் தட்டச் சொன்னா நீ அம்மி கொத்தறயா?" என்று கத்தினார். "உன்ற மரத்துல பாதி இப்புடித்தான் கெடக்குது. இதுல எங்கிருந்து கள்ளு வரும்? இத்தனை வருசமா எறக்கறவனுக்குக் கை மறந்து போச்சா, புத்தி மறந்து போச்சா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இனி வர்ற பாளை வரைக்கும் பாக்கறேன். அதுவும் சொரக்கலைன்னா மரத்த வேற ஆளுக்கு உட்டுருவேன். அப்பறம் என்மேல வருத்தப்படாதே."

வண்டி போய்விட்டது. நான் அந்தப் பாளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். காற்று ஏன் தணிந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கேட்கவேண்டும் என்று ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறார். பொண்டாட்டியின் மூச்சு ஓடுவதற்காகத் தன் பிழைப்பையே அடித்து நசுக்கியிருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இப்படி ஒரு மனிதர் உண்டா?

மாமியார் அந்தப் பக்கம் போனதும் சொன்னேன். "ஏனுங்க, இனி மெல்லவே தட்டுங்க. எனக்குக் கேக்காட்டிப் போகுது. சீரகத் தண்ணி குடிச்சுட்டுக் கெடக்கறேன்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்காவ மட்டுந்தான் அடிச்சேன்னு நெனச்சயா?" என்றார்.

"பின்னே?"

"போன வருசம், நீ வர்றதுக்கு முந்தி, இதே காத்துல தெக்குத் தோப்புல ஒருத்தரு உழுந்துட்டாரு. அன்னையிலிருந்து மேல போனாக் காலு நடுங்குது புள்ள. மரம் ஆடறப்பக் கண்ண மூடிக்கறேன். ஓங்கித் தட்டுனா ஊட்டுல நீ கேட்டுட்டு இருப்பேன்னு ஒரு தெம்பு. பக்கத்துல ஆளு இருக்கற மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, "வெளிய சொல்லிப்போடாதே. அம்மாகிட்டக்கூட" என்றார்.

வீட்டில் நான் ஒருத்திதான் பயந்து சாகிறேன், அவர் கல்லுமாதிரி ஏறி இறங்குகிறார் என்று இருந்தேன். அத்தனை நாள் எரிந்து விழுந்தேனே, அப்போதெல்லாம் அவர் நடுங்கின காலோடுதான் வந்து நின்றிருக்கிறார். மரமேறுகிறவர் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் தீர்ந்தது. குத்தகைக்காரர் மரம் கொடுக்க மாட்டார், கூட ஏறுகிறவர்கள் சாகிற வரைக்கும் சிரிப்பார்கள். அதனால் மனிதர் அதை விழுங்கிக்கொண்டே ஏறியிருக்கிறார். ஓங்கித் தட்டினால் மரம் போகும். மெல்லத் தட்டினால் அவர் அங்கே தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கவேண்டும். பயத்தோடு ஆடுகிற மரத்தில் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சத்தம் என்னிடம் வராவிட்டால் என்ன, நான் அங்கே போகிறேன் என்று முடிவு செய்தேன். ஆனால் லேசில் போய்விட முடியாது. கள்ளிறக்குகிற நேரத்தில் பொம்பளை கால் தோப்பில் பட்டால் பாளை சுரக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. அந்தப் பாளையும் சுரக்காமல் போனால் பழி முழுக்க என் தலையில்தான் விழும். இருந்தாலும் துணிந்து குத்தகைக்காரரையே வழிமறித்தேன்.

"மொதலாளி, தோப்புல உழுகற ஓலையெல்லாம் மக்கிப் போகுதுங்க. மழைக்குக் கள்ளுக்கடைக் கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன். நான் அங்கயே உக்காந்து கீத்து முடைஞ்சு தாரேன். கூலி வேண்டாமுங்க."

கூலி வேண்டாம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், பொம்பளை கால் பேச்செல்லாம் அவருக்கு மறந்து போய்விட்டது. "வந்து முடை" என்றார்.

ஊறவைத்த ஓலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இவர் ஏறின மரத்தடியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். தோப்பில் இன்னும் சிலபேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய மீசைக்காரர் ஒருவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். பக்கத்து வரிசை மரங்கள் அவருடையவை.

"ஏனப்பா, பொண்டாட்டியக் காவலுக்குக் கூட்டியாந்துட்டயா?" என்று மேலேயிருந்து சத்தம் போட்டார். தோப்பே சிரித்தது.

"காவலுக்கு வரலீங்கண்ணா, கீத்து முடைய வந்தேன். கடைக் கூரை ஒழுகி உங்க மீசை நனையக் கூடாதில்லீங்க?" என்றேன். இப்போதும் தோப்பே சிரித்தது.

பிறகு இவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். காற்றை மீறி உச்சிக்கு எட்டவேண்டுமே, அதனால் கத்தித்தான் பேசினேன். பேசுவதற்கு விஷயமா இல்லை? "ஏனுங்க! இன்னைக்கு உங்கம்மா களிக்கு உப்புப் போட மறந்துட்டாங்க. கேட்டா, எனக்கு நாக்குக் கெட்டுப் போச்சாமா!" என்றேன். "ம்ம்" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கூடவே மெல்லிய தட்டு. கிடேரிக்கன்று கயிற்றை அறுத்த கதை, சந்தையில் புளி விற்கிறவளோடு நான் போட்ட சண்டை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் இறங்கி அடுத்த மரத்துக்குப் போனால் நானும் ஓலையை இழுத்துக்கொண்டு போனேன். தொண்டை கட்டிப்போனது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், பேசுகிற நேரம் முழுக்க எனக்கு நெஞ்சு படபடக்கவேயில்லை. படபடக்க அதற்கு இடமே கொடுக்கவில்லை.

இப்படித் தினமும் நடந்தது. வீட்டில்தான் வேறு வம்பு வந்தது.

"ஏ அம்மிணி, என்ற களிக் கதை சந்தை வரைக்கும் போயிருச்சாமா? பேசோணும்னா உன்ற அப்பன் ஊட்டுக் கதையப் பேசு!" என்று மாமியார் குதித்தார். அதுவும் நியாயம்தான். மறுநாளிலிருந்து எங்கள் அப்பா மாட்டு வண்டியில் போகிற அழகைச் சொன்னேன். எல்லா மரத்திலிருந்தும் சிரிப்புக் கேட்டது. எங்கள் அப்பா அந்தத் தோப்புப் பக்கமே வந்ததில்லை. ஆனாலும் அங்கே அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

புதுப் பாளை சுரக்கிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சுரக்காவிட்டால் மரமும் போகும், நான் போய்த்தான் கெடுத்தேன் என்ற பேச்சும் வரும். ஒருநாள் காலை இவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "புள்ள, சொட்டுது!" என்றார். அவ்வளவுதான். நான் முடைந்துகொண்டிருந்த கீற்றிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் குத்தகைக்காரர் வந்து பானையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வண்டியேறிப் போனார். மரம் எங்களிடமே இருந்தது. இவருக்கும் கால் நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. காற்று பலமாக அடிக்கும்போது மட்டும், "ம், அப்பறம்?" என்று கேட்பார். அப்போது நான் கதையை நீட்டுவேன்.

ஆடி கடைசியில் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. அன்றைக்கு நான் தோப்புக்குப் போகவில்லை. இவர்தான், "இன்னைக்கு நான் பாத்துக்குவேன், நீ அம்மாவப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே ஏறி, இறங்கி, நல்லபடியாகத் திரும்பி வந்து ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் வாசலில் யாரோ செருமினார்கள். பார்த்தால் மீசைக்காரர். தளை தோளில் கிடந்தது.

"வாங்கண்ணா. அவரு ஆத்துக்குப் போயிருக்காருங்க. தண்ணி வேணுங்களா?"

"வேண்டாம் அம்மிணி." போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. "இன்னைக்குத் தோப்புப் பக்கம் காணமே?"

"அத்தைக்குக் காய்ச்சலுங்க."

"ஓ." மீசையைத் தடவினார். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினார். "காத்து பலமா இருந்துது."

"ஆமாங்கண்ணா."

"சத்தமே இல்லாம, தோப்பு ஒரு மாதிரியா இருந்துது. எனக்கு ரெண்டு மரம் ஏறவே முடியல, அப்புடியே உட்டுட்டு வந்துட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பெரிய மீசை, பள்ளிக்கூட வாசலில் விடப்பட்ட பிள்ளைமாதிரி நின்றது. எனக்கு அவரைக் கேலி செய்ய நூறு வார்த்தை தெரியும்.

"நாளைக்கு வந்துருவேனுங்கண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்தார். வேலி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"என்ற ஊட்டுல சொல்லிப்போடாதே அம்மிணி."

மறுநாள் காலை மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போய், இவர் மரத்துக்கும் அவர் மரத்துக்கும் நடுவில் ஓலையைப் போட்டு உட்கார்ந்தேன். காற்று பலமாகத்தான் இருந்தது. ரெண்டு மரத்துக்கும் கேட்கிறமாதிரி, கொஞ்சம் உரக்கவே பேசினேன்.